முந்நூறு தலைக்கு ஒரு பஸ்

போன வருடம் ஒரு பிள்ளையின் உயிர் பதினைந்து வெள்ளிக்குக் கிடைத்தது. இருளாயியின் கையில் பத்துதான் இருந்தது. வாடகை குறைகிறதென்று பழனியப்பன் வேனைக் கிளப்பவில்லை. அவள் பையன் விடிவதற்குள் போய்விட்டான்.

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே பழனியப்பன் கூப்பிடாமலே வேனைக் கொண்டுவந்து அவள் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"பாப்பாவுக்குக் காய்ச்சலாமே? ஏறு தங்கச்சி, பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம். காசெல்லாம் வேணாம்லா."

பழைய பாவம் உறுத்துகிறது போலும் என்று இருளாயி நினைத்தாள். ஆனாலும் கால் நகரவில்லை.

"இன்னிக்கா அண்ணே? பத்து மணிக்கு பஸ் கம்பெனி கிராணி தலை எண்ண வாரானே!"

அந்த ரப்பர் தோட்டத்துக்குள் பஸ் கிடையாது. செம்மண்ணில் நாலு மைல் நடந்தால் மெயின் ரோடு; நடக்க முடியாதவனுக்குப் பழனியப்பனின் வேன், அவர் வாயில் வந்த விலை. முந்நூறு தலை இருந்தால் தினம் இரண்டு நடை உள்ளே விடுவதாக பஸ் கம்பெனி சொல்லியிருந்தது. வாய்க்கணக்கு செல்லாது. வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், நின்றால்தான் தலை. கைக்குழந்தையும் ஒரு தலை.

பையனைப் புதைத்த நாளிலிருந்து இருளாயிக்கு அந்த பஸ் ஒன்றே நினைப்பு. லயம் லயமாகப் போய், கோடியில் இருந்த பழனியப்பன் கடைவரை ஒரு கதவு விடாமல் தட்டி எண்ணினாள். முந்நூற்று மூன்று. அன்றைக்கு எவரும் ஈப்போவுக்குப் படம் பார்க்கப் போகக்கூடாது என்று காலில் விழாத குறை.

"மூணு கூடுதலாத்தானே வச்சிருக்கே?" பழனியப்பன் விரலை மடக்கினார். "நீ, பாப்பா, மாயாண்டி. மூணு பேரு போனாலும் முந்நூறு நிக்கும்ல?"

"இவரு எதுக்குண்ணே? நான் மட்டும் போதாதா?"

"ஆம்பளத் துணை இல்லாமலா? மச்சான், நீயும் ஏறு."

அவள் புருஷன் மாயாண்டி சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினான். பெரட்டுக் களத்தில் தீபாவளிக்கு நிற்பதுபோல் தலைசீவி, பொட்டு வைத்து, சனம் சேர ஆரம்பித்திருந்தது. இருளாயி சன்னலில் தலையை நீட்டி வேலையை மேய்க்கிற மண்டோர் கார்த்திகேசுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, சரியா முந்நூறுதான் இருக்கு! யாரையும் நகர விடாதீங்க!"

"கக்கூசுக்குக்கூட விடமாட்டேன், நீ போ புள்ள!"

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மத்தியானத்துக்குள் காய்ச்சல் இறங்கியது. நல்ல வேளையாக நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர்.

வெளியே வந்த இருளாயி, பழனியப்பனின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க குலசாமி மாதிரி வந்தீங்கண்ணே."

"ச்சே, என்ன தங்கச்சி இது." அவர் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டு, பாப்பாவுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்.

தோட்டத்துக்குத் திரும்பியபோது களம் காலியாக இருந்தது. கார்த்திகேசு மட்டும் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இருளாயி வேனிலிருந்து குதித்து ஓடினாள்.

"பஸ்ஸு என்னிக்கு வருதாம்ண்ணே?"

"வராது."

"என்னண்ணே வெளயாடுறீங்க!"

"ரெண்டு தடவ எண்ணுனான் புள்ள. எரநூத்தித் தொண்ணூத்தொம்பது. ஒரு தல குறையுதுன்னு பையத் தூக்கிட்டுப் போயிட்டான். இனிமே மூணு வருசத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டானாம்."

"யாரண்ணே வெளிய விட்டீங்க?"

"சத்தியமா ஒருத்தனும் நகரல!"

"அப்புறம் எப்படிண்ணே குறையும்?" இருளாயி மூன்று விரலை நீட்டினாள். "வேன்ல போனது மூணு பேருதானே!"

பழனியப்பன் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி, தன்மையாகச் சொன்னார்:

"என்னையும் சேத்து எண்ணு தங்கச்சி. நாலு."