நாற்பதைத் தாண்டாத புல்லட்

"இந்த ஆயிலை ஊத்துங்கண்ணா. துபாய்லேர்ந்து எங்க அண்ணன் அனுப்பினது. இதை ஊத்தினா சீக்கிரமே வேகமாப் போகலாம் இல்ல?"

வேதா நீட்டிய பளபளப்பான டின்னை மெக்கானிக் தேவானந்தம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே கொடுத்தார்.

"இது வேணாம்மா. பிரிச்சு மாட்டின இன்ஜின். புது பிஸ்டன், புது ரிங்கு. ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் படியணும். இந்த ஆயில் ரொம்ப வழுக்கும், படிய வுடாது. இப்பத்திக்கு சாதா ஆயில்தான். நாப்பதுக்கு மேல போவக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"அது ஓட்டறதைப் பொறுத்துக் கீது."

வேதா கணவனைப் பார்த்தாள். அரிகிருஷ்ணன் தாம்பரம் மார்க்கெட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அவள் முகம் வாடிவிட்டது. கல்யாணமான புதிதில் அவளை மயக்கியதே அந்த புல்லட்டின் வேகம்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளை முந்திப் பறக்கும்போது அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்போது ஊர்ந்தார்கள். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திப் போனபோது அவளுக்கு அழுகையே வந்தது.

பிறகு, எப்போது என்று தெரியாமல், அது மாறியது.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் போகும்போது தண்ணீரில் நிலா கூடவே வந்தது. யார் வீட்டிலோ ரசம் தாளிக்கிற வாசனை அடுத்த தெரு வரைக்கும் விடாமல் வந்தது. முன்பெல்லாம் அவன் பேசுவதைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது ஒரு சொல்லும் தவறவில்லை. அவன் பத்தாவதில் ஃபெயிலாகி ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வீட்டுக்குப் போகப் பயந்து உட்கார்ந்திருந்ததை, அம்மா தேடி வந்து திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்ததை, அந்த முதுகில் கன்னம் சாய்த்தபடிதான் அவள் கேட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் கோயிலுக்குப் போனார்கள். மலை தூரத்தில் தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டே வரவேயில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு.

ஆயில் மாற்றும் நாள் வந்தது. அரிகிருஷ்ணன் எதிர்க்கடையில் டீ சொல்லப் போனதும் வேதா தேவானந்தத்தின் அருகே வந்தாள்.

"அண்ணா, மறுபடியும் சாதா ஆயிலையே ஊத்துங்க. இன்ஜின் இன்னும் படியல, மெதுவாத்தான் போகணும்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. பறந்துகிட்டிருந்த மனுஷன், பாவம், பொறுத்துக்கிட்டு ஓட்டறார். ஆனா எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

தேவானந்தம் துணியில் கையைத் துடைத்தார்.

"சொல்றேம்மா. ஆனா அந்த இன்ஜினை நான் பிரிக்கவே இல்ல. குரோம்பேட்டையாண்ட வண்டியோட வுழுந்ததுலேர்ந்து சாருக்கு வேகம்னாலே பயமாம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சார்தான் இப்டி சொல்லச் சொன்னாரு."