மருமகனுடைய கிற்றார்

கட்டிலில் கிற்றாரைக் குப்புறப் போட்டு, கழுத்தை உடம்போடு பிடித்து வைத்திருக்கும் திருகாணிகளை மசூர் இன்னொரு சுற்று முறுக்கினான்.

நிமிர்த்தி, தளர்த்தி வைத்த கம்பிகளை ஏற்றி, தட்டிப் பார்த்தான். சுருதி மறுபடியும் நழுவியது. கழுத்தைப் பிடித்து அசைத்தால் ஆடும் பல் மாதிரி இலேசாக ஆடியது.

பின்னேரம் அஸர் தொழுகை முடிய பாண்டிருப்பிலிருந்து ரஜிதன் வந்து இதை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மசூர் சும்மாதான் கொடுக்கிறான். ஆனாலும் கழுத்து ஆடுகிற சாமானைக் கொடுத்தால், அந்தப் பயல் கல்முனை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

கொடுக்க மனமில்லை. ஆனால் கல்யாணம் முடித்து மனைவி வீட்டில் வந்து இருக்கிற மாப்பிள்ளை, மாமி வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லும்வரைக்குமா காத்திருப்பான்?

இவன் வாசிக்கத் தொடங்கினால் மாமி டிவியை நிறுத்திவிடுவார். நாடகம் ஓடும் நேரத்தில் மாமி டிவியை நிறுத்துவதென்றால் பக்கத்து வீட்டில் யாராவது மௌத்தாகியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய கோபம் வேறு என்ன இருக்கிறது?

கேட்கவும் வழியில்லை. மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை, அந்த வீட்டு வழக்கம் அப்படி. சோறு போதுமா என்பதுகூட திரைக்குப் பின்னாலிருந்து மகள், அவன் மனைவி றினோஸா வழியாகத்தான் வரும்.

மசூர் மறுபடியும் கம்பிகளைத் தளர்த்தப் போனான்.

திரைக்குப் பின்னால் ஒரு செருமல். பிறகு குசுகுசுப்பு.

றினோஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தி வாசித்தாள். கம்பிகளைத் தொடக்கூடாதாம். சுருதியில் அப்படியே வைத்துக்கொண்டு ஆணிகளை மட்டும் ஒரு பொட்டுத் தளர்த்த வேண்டுமாம். கம்பி இழுக்கிற இழுவையில் கழுத்து தானாகப் போய்க் குழியில் உட்காருமாம். அதற்குப் பிறகு இறுக்க வேண்டுமாம்.

ஆடுகிற கழுத்தை இன்னும் தளர்த்துவதா? இது யார் கொடுத்த புத்தி என்று கேட்டான் மசூர்.

றினோஸா திரைக்குள் தலையை விட்டு விசாரித்துக்கொண்டு வந்தாள். யூடியூப்காரர் சொன்னாராம். மருமகன் எந்த வீடியோவையும் அரைவாசியில் மூடிவிடுகிறாராம். மிச்சத்தை உம்மாதான் தன் போனில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்.

மசூருக்குக் காது சூடானது. சொன்னபடி செய்தான்.

கடைசி ஆணியைத் தளர்த்தும்போது மரத்துக்குள் ‘ணக்’ என்றது. ஆணிகளை இறுக்கினான். ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. சுருதி சொன்ன சொல் கேட்டு நின்றது.

கை சும்மா இருக்குமா? இன்னும் கொஞ்சம் முறுக்கி விடுவோம் என்று திரும்பக் குனிந்தான்.

“மருமகன், போதும். மரம் வெடிச்சிரும்.”

றினோஸா வாயைத் திறக்கவே இல்லை. அவளும் அவனைப் போலத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ரஜிதனின் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்தது. மசூர் எழுந்து கிற்றாரை உறைக்குள் வைக்கப் போனான்.

“அந்தத் தம்பியப் போகச் சொல்லுங்க. நேத்து விட்ட இடத்துல இரிந்து வாசிங்க, மருமகன். முதல்ல இரிந்து வாணாம், அது எனக்குப் பாடமாப் போச்சி.”