சரிவுப் பாதையின் நடுவே ஒரு மரம்

விளையாட்டுத் திடலின் புதிய சரிவுப் பாதையில் பாதி ஏறியதுமே அவளுடைய சக்கர நாற்காலி நின்றுவிடுகிறது. பாதையின் நடுவே பழைய மரம். அதற்கும் கைப்பிடிக் கம்பிக்கும் இடையே சக்கரம் நுழையவில்லை. மேலே, அவள் ஸ்கோர் எழுத வேண்டிய மேசை வெயிலில் காத்திருக்கிறது. கம்பியின் காயாத பெயிண்ட் விரலில் ஒட்டுகிறது. "மரத்தை வெட்டக் கூடாதுன்னு நீங்கதானேக்கா ஒத்தக் கால்ல நின்னீங்க?" என்கிறார் பொறியாளர். "நான் எந்தக் கால்ல தம்பி நிக்க? மரத்தை விட்டுட்டுச் சுத்திப் போடுங்கன்னேன்." "ரெண்டு பேர் தூக்கிவிட்டுடறோம்." "தூக்க ஆளுங்க எப்பவும் இருந்தாங்க. பாதைதான் இல்ல." திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்கள் பின்னால் செருமுகிறார்கள். மேலே ஏற இருந்த படிகளை இடித்துத்தான் இந்தப் பாதை வந்திருக்கிறது. பாதையை அடைத்தபடியே அவள் பிரேக்கை அழுத்திப் பூட்டுகிறாள். மேலே போக வேறு வழியில்லாமல் எல்லோரும் அவள் பின்னால் நிற்கிறார்கள்.