அண்ணை இல்லாத கலியாணம்

“எங்கடை அண்ணை இருக்கக்கூடாது, தம்பி. ஒரு இடத்திலையும் இருக்கக்கூடாது.”

மகாதேவி இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிமியோன் பதறவில்லை. கலியாண வீடியோ எடுப்பவனிடம் வந்து சொந்தக்காரரை இல்லாமல் செய்யச் சொல்வது ஒன்றும் புதிதல்ல.

“என்ன நடந்தது, அக்கா?”

“நீர் வட்சப்பிலை அனுப்பின ரெண்டு நிமிசத் துண்டைப் பார்த்தனான். முழுக்க அண்ணைதான். தாலி கட்டேக்கையும் அவரின்ரை முதுகுதான் தெரியுது. பொம்பிளையின்ரை தாய் நான், என்ரை சீலைத் தலைப்புக்கூடத் தெரியேல்லை. முழுப் படத்திலையும் அவரை எடுத்துவிடும். இப்ப உதெல்லாம் செய்யலாமாம், கனடாவிலை இருக்கிற மகன் சொன்னவன்.”

சிமியோன் திரும்பித் தன் கணினியைப் பார்த்தான். ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்டதைப் பத்து வருடத்துக்கு முன் வாங்கியது. கொம்பனியிலேயே பூட்டி வந்த, எதையும் லேசில் மாற்றவிடாத பெட்டி. ஒரு கலியாணப் படத்தை முடித்துத் தர அதற்கு முழுதாக இரண்டு நாள் வேண்டும். ஆவணிக்கு ஆறு கலியாணம் ஒப்புக்கொண்டிருந்தான். இதை நம்பியிருந்தால் அதில் நாலு கைவிட்டுப் போகும்.

“செய்யலாம், அக்கா. ஆனா இந்த மெசினிலை அவரை எடுத்து முடிக்க உங்கடை பேரப்பிள்ளையின்ரை கலியாணம் வந்திடும். நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு வேணும்.”

“பேரை எழுதித் தாரும். மகனிட்டைச் சொல்லி எடுப்பிக்கிறன். வேலை முடிய எனக்குத் திருப்பித் தரவேணும்.”

சிமியோன் எதையும் பார்க்காமலே கார்ட்டின் பெயரை எழுதிக் கொடுத்தான். பன்னிரண்டாம் நாள், திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த யாரோ ஒருவரின் பெட்டியில் இரண்டு குளியல் துவாய்களுக்கு நடுவே கார்ட் வந்து சேர்ந்தது. கோபம் இருந்தால் சாமான் கெதியாக வரும்.

கார்ட் நீளம். பெட்டிக்குள் ஒரு தகரத் தட்டு இடித்தது. தகரம் வெட்டும் கத்தரியால் அதை அறுத்தெடுத்துவிட்டுக் கார்ட்டைப் பூட்டினான். பிறகு பார்த்தால் கார்ட்டுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற வயர் பழைய பவர் சப்ளையில் இல்லவே இல்லை. கார்ட்டின் காற்றாடி அசையாமல் நின்றது.

மூன்றாம் நாள் தெல்லிப்பழையிலிருந்து மோட்டார் சைக்கிளில் கனகரத்தினம் வந்து இறங்கினார். அவர்தான் அந்த அண்ணை.

“என்ரை மருமோளின்ரை கலியாணம், தம்பி. பந்தலுக்குக் கன்னிக்கால் நட்ட நாளிலையிருந்து நிண்டனான். நீர் அனுப்பின ரெண்டு நிமிசத்திலை நான் மருந்துக்கும் இல்லை. முழுக்க தங்கச்சிதான் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. அவதானே சொல்லி வெட்டுவிச்சவ?”

சிமியோன் அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

“எனக்குத் தாற கொப்பியிலை அவ இருக்கக்கூடாது.”

“செய்யலாம், அண்ணை. கார்ட் கிடக்கு. அதுக்குக் கரண்ட் குடுக்கத்தான் பவர் சப்ளை காணாது.”

“நான் வாங்கித் தாறன். வேலை முடியக் கழட்டித் தாரும்.”

அன்று பின்னேரமே அவர் யாழ்ப்பாணம் டவுனில் வாங்கிக்கொண்டு வந்தார். புதிய பவர் சப்ளை பழைய பெட்டிக்குள் அடங்கவில்லை. மேசையில் வெளியே வைத்து வயரை மட்டும் உள்ளே விட்டான் சிமியோன். காற்றாடி சுற்றியது. இரண்டு நாள் வேலை மூன்று மணித்தியாலத்தில் முடிந்தது. அவன் மனைவி லவீனா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

இனி இதையெல்லாம் கழற்றிக் கொடுப்பதா? சனிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொல்லி இரண்டு பேருக்கும் அழைப்பு எடுத்தான்.

வந்தவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிமியோன் மேசையைக் காட்டி, எது யார் வாங்கித் தந்தது என்று சொன்னான்.

“அண்ணையின்ரை கரண்டிலையோ என்ரை கார்ட் ஓடுது? கழட்டும், தம்பி.”

“என்ரையை முதல் கழட்டும்.”

“கழட்டுறன். ஒண்டைக் கழட்டினா மற்றது ஓடாது, ஒருத்தரையும் எடுக்கேலாது. அதுக்கு முதல் ஒருக்கா முழுப் படத்தையும் பாருங்கோ.”

பார்த்தார்கள். படம் முழுக்க இருவரும் இருந்தார்கள். தாலி கட்டும்போது தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். மகள் விடைபெறும் இடத்தில் மகாதேவி அண்ணன் தோளில் சாய்ந்து விம்ம, அவர் தன் சால்வையால் தங்கையின் முகத்தைத் துடைத்தார்.

இங்கேயும் மகாதேவிக்கு அழுகை வந்தது. கனகரத்தினம் இன்று சால்வை போட்டிருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து நீட்டினார்.

“உந்த ரெண்டு நிமிசத்தைப் பார்த்திட்டு உங்களோடை கதைக்காமல் இருந்திட்டன், அண்ணை.”

“நானும்தானே மடைத்தனமா இருந்தனான்.”

“ரெண்டு நிமிசத்திலை எல்லாரும் அடங்குவினமே?” என்றான் சிமியோன், பரிதாபமாக.

போகும்போது மகாதேவி கதவடியில் நின்றார். “கார்ட் உம்மோடையே கிடக்கட்டும், தம்பி. நீர் எங்களைச் சேர்த்து வைச்சனீர்.”

“என்ரையும் கிடக்கட்டும்,” என்றார் கனகரத்தினம். தங்கையை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

லவீனா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தாள். “நெல்லியடியிலையிருந்து ஒரு கலியாணத்துக்குக் கேட்டுப் போன் எடுத்தவை. உங்கடை மொனிற்றரும் கண்ணை மூடப்போகுது போலை.”

சிமியோன் காற்றாடி சுற்றும் அழகைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பொம்பிளையின்ரை தாய்க்கு எத்தினை சகோதரம் எண்டு கேளும், ஆளுக்கொரு ரெண்டு நிமிசம் வெட்டவேணும்.”