மூன்று வாரப் பிரிவு

கல்யாணமான பிறகுதான் முகுந்தனின் பதற்றம் அடங்கியது. இனி மாத்திரை வேண்டாம், மனைவி சஹானாவே போதும் என்று மனநல மையத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். ஆய்வாளர் பெனாசிர் ஒத்துக்கொள்ளவில்லை.

"தற்செயலாக்கூட இருக்கலாம் சார். மூணு வாரம் மேடம் அவங்க அம்மா வீட்ல இருக்கட்டும். உங்க பதற்றம் ஏறி, அவங்க திரும்பி வந்ததும் இறங்கிச்சுன்னா மாத்திரையை நிறுத்திடலாம்."

சஹானா அன்றைக்கே நாமக்கல்லுக்குக் கிளம்பினாள். எல்லாரையும் போல அவள் மணிக்கட்டிலும், பதற்றத்தை அளந்து மையத்தின் திரையில் கோடாகக் காட்டும் அளவுப்பட்டை இருந்தது.

மூன்றாம் நாளே முகுந்தனின் கோடு உச்சிக்குப் போனது. தூக்கம் போயிற்று, ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. நிரூபணம் ஆகிக்கொண்டிருக்கிறதே.

கெடு முடிந்ததும் மையத்துக்கு ஓடினான். "இப்ப அவளை வரச் சொல்லலாமா?"

பெனாசிர் திரையை அவன் பக்கம் திருப்பினாள். கல்யாணத்தன்று ஏறிய ஒரு கோடு, மூன்று வாரமாகத் தரையோடு படுத்துக் கிடந்தது.

"இது என்னோடது இல்லையே?"

"மேடத்தோடது. உங்ககிட்ட காட்டச் சொன்னாங்க. திரும்பி வந்தா மறுபடி ஏறுதான்னு பார்க்கணும் சார். அந்தச் சோதனைக்குத்தான் சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."