கொல்லைப்புறக் கேமரா

வெளியூர்ச் சொந்தத்துக்குப் பத்திரிகை அனுப்பினால் மட்டும் இப்போது போதாது. விசேஷத்தைப் பார்க்க வீட்டுக் கேமராக்களில் ஒன்றையும் திறந்துவிட வேண்டும். மகள் மகிழினியின் காதுகுத்துக்கு, முத்துச்செல்வி ஹால் கேமராவைக் கணவரின் அண்ணன் லிங்கதுரைக்குக் கொடுத்தாள். நிலவில் வேலை பார்க்கும் தம்பி இசக்கிராஜுக்குக் கொல்லைப்புறம்தான் மிஞ்சியது.

"தாய்மாமனுக்குத் துணி தொவைக்கிற கல்லா, அக்கா?" என்று பொரிந்து தள்ளினான்.

ஹாலில் ஆசாரி ஊசியை எடுத்ததும் மகிழினி வீறிட்டுக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒளிந்து தேம்பினாள். கோபமெல்லாம் எங்கே போனதோ, சுவரிலிருந்த கேமரா கொஞ்சியது.

"அழாதம்மா தங்கம், மாமா இங்கனதான் இருக்கேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். "மாமா முன்னாடின்னா குத்திக்கிடுதேன்."

ஆசாரி, சீர்த்தட்டு, மேளம், மொத்தக் கூட்டமும் கொல்லைக்கு இடம் மாறின. துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, மாமனையே பார்த்தபடி மகிழினி காது குத்திக்கொண்டாள். குலவைச் சத்தம் தெருவைத் தாண்டியது.

ஹாலின் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்த லிங்கதுரை, இசக்கிராஜைப் போனில் அழைத்தார்.

"மாப்ள, உங்க கேமராவ எனக்கும் கொஞ்சம் தொறந்து விடுங்களேன்."

"துணி தொவைக்கிற கல்லுதான் அத்தான் தெரியும். ஒங்க மரியாதைக்குச் சரிப்படுமா?"