ஈரப்படி

ஈஸ்ட் ஹாமில் நூறு வயது வீடொன்றின் வாசலில், மேசன் றமணன் புதுக் கொங்கிறீற் படியைத் தடவி மட்டமாக்கிக்கொண்டிருக்கிறான். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். இரவு பனி உறைந்தால் படி வெடித்துவிடுமென்று, மூடுவதற்குப் பழைய கம்பளிகள் மதிலில் காத்திருக்கின்றன. மகளின் கலியாணக் கார்ட்டோடு வந்த யோகலிங்கமும் மனைவி கனகாம்பிகையும் ஈரப்படிக்கு வெளியே நிற்கிறார்கள். வீட்டுக்காரி தயாளினி உள்ளே நிற்கிறாள். வரிசை வீடு, பின்பக்கத்தாலும் வழியில்லை. “படிக்கு மேலால எட்டித் தாங்கோ, மாமி.” கனகாம்பிகை விடவில்லை. “சீச்சீ, நல்ல காரியம்! வாசலுக்கு வெளியில நிண்டு குடுக்கிறதோ?” தயாளினி சிரித்தபடி முன்னறை ஜன்னலை மேலே தள்ளுகிறாள். ஓவர்கோட்டுக்குக் கீழே வேட்டியை மடித்துக் கட்டி, றமணன் கவிழ்த்துவைத்த வாளியில் ஏறி, யோகலிங்கம் உள்ளே காலைப் போடுகிறார். பின்னாலேயே பட்டுச்சேலை சரசரக்க, குங்குமச் சிமிழோடு கனகாம்பிகை. கொஞ்சநேரத்தில் ஜன்னலால் சிரிப்பும் தேத்தண்ணி மணமும் வருகின்றன. கனகாம்பிகையின் கை இன்னொரு கார்ட்டோடு வெளியே நீள்கிறது. “தம்பி, நீங்களும் கட்டாயம் வரவேணும்.” றமணன் கையைத் துடைக்கிறான், ஆனால் வாங்கவில்லை. “வெளியில நிண்டு வாங்கலாமோ, அக்கா?” சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவனும் வாளியில் ஏறுகிறான்.